தவப்பெட்டி

மலேசியாவின் கிள்ளானில் ஓர் ஆணிக்கடையின் மேல்மாடிக்குக் கடவுள் சனிக்கிழமைகளில் வருவார். காலை பத்து முதல் மாலை நான்கு வரை. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இடைவேளை.

கூட்டம் மாடிப்படியை நிறைத்துக் கீழே கார் நிறுத்துமிடம் வரை நிற்கும். ஷா ஆலத்திலிருந்து வருவார்கள், சாலாக் செலாத்தானிலிருந்து வருவார்கள். ஒருமுறை பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். அதன்பிறகு கூட்டம் இரட்டிப்பானது. படித்தவரே வந்துவிட்டாரே!

அந்தக் கடவுளுக்கு முளைச்சாமி என்று பெயர். அவர் முறை எளிமையானது. நீங்கள் குறையைச் சொல்வீர்கள். சாமி ஒரு பொட்டலம் பச்சைப்பயறைச் சிவப்பு நூலால் கட்டித் திரைக்குப் பின்னால் கொண்டுபோவார். அங்கே மஞ்சள் பட்டு போர்த்தி, மாலை சாத்திய தவப்பெட்டி இருக்கிறது. அதற்குள்ளிருந்து இரண்டு நிமிடம் 'ஓம்' என்று ஒரு முனகல் வரும். பிறகு 'டிங்' என்று மணி தானாக அடிக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பயறை வீட்டில் விதைக்க வேண்டும். முளைத்தால் தோஷம் இல்லை. இதுவரை யாருக்கும் முளைக்கவில்லை. கிள்ளான் வட்டாரத்தில் தோஷமில்லாத குடும்பம் ஒன்றுகூட இல்லை என்பது இப்படித்தான் தெரியவந்தது. பரிகாரம் முடிந்ததும் மஞ்சள் நூல் கட்டிய பொட்டலம் தருவார். அது பெட்டிக்குள் போகாது. தோஷம் கழிந்த பயறுக்குத் தவம் எதற்கு? அது முளைக்கும். ஜனங்கள் அழுவார்கள்.

நான் விவசாயக் கல்வி படிப்பவன். அந்த ஊர் இடைநிலைப்பள்ளி ஒன்றுக்குப் பயிற்சி ஆசிரியராக அனுப்பப்பட்டேன். அப்போது என் மனைவி மலர்விழி இறந்து ஏழு மாதம். டெங்கி. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பல்கலைக்கழகத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: எந்த விதையானாலும் பத்தை எடுத்து ஈரத்துணியில் வைத்துப் பார், முளைத்தால் விதை. நான் பார்க்கவில்லை. அந்த நாட்களில் நான் பல் துலக்கியதே பெரிய காரியம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவி புஷ்பவல்லி சிவப்பு நூல் பொட்டலம் இரண்டு கொண்டுவந்தார்.

"சாமி கையால கட்டுனது சார். ஸ்கூலுக்குத் தோஷம் இருக்கான்னும் பாத்துடலாம்."

ஒன்றைப் பிரித்து, மாணவர்கள் பார்க்க நானே விதைத்தேன். என் முதல் பாடம். எட்டு நாள் தண்ணீர் ஊற்றினோம். பாத்தி மொட்டையாகவே கிடந்தது. ஒரு கோழி வந்து கிளறிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனது.

புஷ்பவல்லி மறுபடி வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். சாமிகிட்ட கேட்டேன். தாரமிழந்த கை பட்டுச்சாம்."

"விதையில கோளாறு இருக்கலாம் ஆன்டி."

"சாமி குடுத்த விதை சார்! நாங்க யுனிவர்சிட்டிக்கு லெட்டர் எழுதுறோம். உங்கள மாத்தட்டும். பிள்ளைங்களுக்கு எஸ்பிஎம் பரீட்சை வருது லா."

மாற்றினால் பயிற்சி ரத்தாகும், அரையாண்டு போகும். அது பரவாயில்லை. அன்று மாலை என் கையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக மலர்விழி பிடித்திருந்தது அந்தக் கையைத்தான். கொஞ்ச நேரம் நானும் நம்பினேன். பிறகு பல்கலைக்கழகத்தின் முதல் வார நோட்டை எடுத்துப் படித்தேன்.

"லெட்டர் வெள்ளிக்கிழமை போகுது. என்ன செய்யப்போற?" என்று கேட்டார் என் வழிகாட்டி ஆசிரியை சந்திரகலா.

"சாமியக் கூப்பிடலாம் டீச்சர். பரிகாரத்துக்கு."

"நீயுமா?"

"நானும்தான்."

திங்கட்கிழமை சாமி மஞ்சள் நூல் பொட்டலத்தோடு வந்தார். பாத்தியைச் சுற்றி அறுபது பெற்றோர்.

"சாமி, பாதிப் பாத்தி நீங்க போடுங்க, பாதி நான் போடுறேன்" என்றேன். "கைதான் காரணம்னா தெரிஞ்சிடும்."

சாமிக்குப் பிடித்திருந்தது. மஞ்சள் பொட்டலத்தைப் பிரிக்கப் போனார்.

"அது எனக்கு சாமி. பரிகாரம் எனக்குத்தானே? உங்க கைக்கு எதுக்குப் பரிகாரம்? உங்களுக்கு இது."

மீதியிருந்த சிவப்பு நூல் பொட்டலத்தை நீட்டினேன். சாமி அதை வாங்காமல் பார்த்தார்.

"அது உன் தீட்டுப் பட்டது."

"பிரிக்கவே இல்ல சாமி. முடிச்சு நீங்க போட்ட முடிச்சு."

"போடுங்க சாமி!" என்றார் புஷ்பவல்லி. "உங்க கை பட்டா கல்லுகூட முளைக்கும்!"

பக்தர்களிடமிருந்து சாமியைக் காப்பாற்ற யாருமில்லை. விதைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை புஷ்பவல்லியே போய்ச் சாமியைக் காரில் அழைத்து வந்தார். கைப்பையில் லெட்டர் தயாராக இருந்தது. என் பாதியில் பச்சை. சாமியின் பாதியில் மண்.

"மண்ணு சரியில்ல" என்றார் சாமி.

"ஒரே பாத்தி சாமி."

"தண்ணி..."

"ஒரே குழாய்."

கூட்டம் கணக்குப் போட்டது. கைதான் மிச்சம். பின்னாலிருந்து ஒரு லோரி டிரைவர் கேட்டார்: "சாமிக்குப் பொண்டாட்டி இருக்காங்களா?"

"பந்திங்ல வீட்டுல நல்லா இருக்காங்க" என்றார் சாமி, அவசரமாக.

"கையில ஒண்ணுமில்லண்ணே" என்றேன். "டீச்சருங்க ரூமுக்கு வாங்க."

ஆசிரியர் அறையில் நாசி லெமாக் சோறு சூடாக்கும் மைக்ரோவேவ் ஒன்று உண்டு. மஞ்சள் பொட்டலத்தில் மிச்சமிருந்த பயறைச் சிவப்பு நூலால் கட்டி உள்ளே வைத்தேன். இரண்டு நிமிடம். 'ஓம்' என்று முனகியது.

டிங்.

பழக்கத்தில் கன்னத்துக்குப் போன புஷ்பவல்லியின் கை பாதியில் நின்றது.

"சாமி... இதையா நான் மூணு வருஷமாக் கும்பிட்டேன்?"

"மந்திரம் பெட்டியில இல்லம்மா, மனசுல இருக்கு."

"மனசு டிங்னு அடிக்காது சாமி!"

"விதைக்குள்ள கரு இருக்கு, ஆன்டி" என்றேன். "சூட்டுல அது செத்துடும். செத்தது முளைக்காது. யார் கை பட்டாலும்."

கடைசி வாக்கியத்தை நான் எனக்காகவும் சொல்லிக்கொண்டேன்.

சாமி கிளம்பினார். கொண்டுவிட யாரும் காரை எடுக்கவில்லை. லெட்டரைப் புஷ்பவல்லி அங்கேயே கிழித்துப்போட்டார். மறுநாள் மேல்மாடி பூட்டிக் கிடந்தது. வந்த கூட்டம் பூட்டுக்குச் சூடம் காட்டிவிட்டுப் போனதாகக் கேள்வி.

திங்கட்கிழமை புஷ்பவல்லி என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"சார், உங்க கை பட்ட பாதிதானே முளைச்சுது? ராசியான கை. மகளுக்குக் கொஞ்சம் தொட்டுக் குடுங்க லா."

அவருக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். ஒருவர் வக்கீல்.

நான் தொடவில்லை. ஆளுக்கொரு ஈரத்துணி கொடுத்தேன். "பத்துப் பயறு. உங்க கையால வச்சுப் பாருங்க."

நல்ல பயறு நாலு நாளில் மண்ணை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. மனித மூளைக்கு எத்தனை நாள் ஆகும் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. உங்களுடையதைச் சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.