புயலின் சொந்தக்காரர்கள்

எதிரி இருந்தவரை கண்ணில் படாமல், எதிரி மூழ்கிய மறுநாள் காலையில் காளான்போல முளைக்கும் இனம் ஒன்று உண்டு. ‘நான்தான்’ என்று அதற்குப் பெயர். எங்கள் ஹகதா கரையில் இப்போது நண்டைவிட இவர்கள் அதிகம்.

மங்கோலியரின் கப்பல்கள் வந்து இரண்டு மாதம் கடலை மறைத்துக்கொண்டு நின்றன. ஒரு புயல் அடித்தது. கப்பல்கள் போயின. நடந்தது இவ்வளவுதான். நம் தளபதி ‘என் வியூகம்’ என்றார். மதிலுக்குப் பின்னால் நிற்பதுதான் அந்த வியூகம். தோற்று ஓடிய மங்கோலியத் தளபதியோ, தன் அரசரிடம் போய், ‘புயல்தான்’ என்றாராம். இந்தப் போரில் புயலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்த ஒரே மனிதர் அவர்.

யார் என்ன வீரம் செய்தார் என்று எழுதி, பரிசு நிலத்துக்காக ஆட்சிபீடமான கமகுராவுக்கு அனுப்பும் எழுத்தர் நான். என் ஏட்டின்படி எதிரிக் கப்பலில் முதலில் குதித்தவர்கள் எண்பத்தொரு பேர். இரண்டாவதாகக் குதித்தவர் ஒருவர்கூட இல்லை.

நான்தானை எப்படி அடையாளம் காண்பது? உட்காருமுன் காயத்தைக் காட்டுவார். காயம் இல்லையென்றால் கவசத்து ஓட்டையை. அதுவும் இல்லையென்றால் குதிரையை உள்ளே இழுத்துவந்து அதன் காயத்தை. “நமக்கெதுக்குங்க பேரும் புகழும்?” என்று ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள்.

இவர்களுக்கு ஒரே கடிவாளம், சாட்சி. பார்த்தவர் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். உறவினர் சாட்சி செல்லாது.

இதில் மாட்டிக்கொண்டவர் தமெனாகா. புயலுக்கு முன் ஓர் இரவு சிறு படகில் போய், எதிரிக் கப்பலில் உண்மையிலேயே முதலில் குதித்தவர். கூடக் குதித்த தம்பி கடலோடு போய்விட்டான். தமெனாகாவின் ஒரே வயலை அரசாங்கம் மதில் கட்ட எடுத்துக்கொண்டுவிட்டது. புது நிலம் வராவிட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. பார்த்த சாட்சி ஒருவன்தான் மிச்சம்: பின்படகில் வந்த கியொசுகே. பட்டியலை ஏற்றிச்செல்லும் படகு துறையில் காத்திருக்க, இருவரும் என் முன்னால் உட்கார்ந்தார்கள்.

“நான் குதிச்சதைப் பார்த்தியில்ல? எழுதிக் குடுப்பா.”

“தாராளமா எழுதறேண்ணே. முதல்ல குதிச்சது கியொசுகேன்னு நீங்களும் எழுதிக் குடுங்க.”

“அடப்பாவி, நீ குதிக்கவே இல்லையேடா! வாந்தியில்ல எடுத்துக்கிட்டிருந்தே!”

“படகு ஆடுச்சு. ஆடலேன்னா முதல்ல நான்தானே?”

துறையில் படகு கிளம்பும் சங்கு முழங்கியது. தமெனாகா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். எண்பத்து இரண்டு, எண்பத்து மூன்று.

ஏட்டை மூடும்போது கோயில் பூசாரி சுமிஹாரு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“குதிச்சவனையெல்லாம் எழுதறீரே, புயலை வரவழைச்சது யாருங்காணும்? ஏழு நாள் விடாம ஓதினேன். எழுதும்.”

“சாட்சி?”

“சாமிதான்! எங்க வம்சத்துக்கே மூத்தவர் அவர்தானே.”

“அப்ப உறவாச்சே. செல்லாது சாமி.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க இன்னொரு படையெடுப்பையே தாங்கலாம். ஆனாலும் கோரிக்கையை எழுதிக்கொண்டேன். எழுதுவதுதான் என் வேலை.

வசந்தத்தில் பதில் வந்தது. தோற்று ஓடியவன் நிலத்தையா விட்டுப்போனான், பகிர்ந்து கொடுக்க? உடைந்த பலகைகளைத்தான் விட்டுப்போனான். இருந்த கொஞ்ச நிலமும் கோயிலுக்குப் போயிற்று. உறவினர் விதி தெய்வங்களுக்குக் கிடையாதாம். தமெனாகாவுக்குப் பாராட்டுக் கடிதம். கெட்டியான, நல்ல காகிதம்.

“இதை வேகவச்சா சோறாகுமா?” என்றார்.

பிறகு நெருங்கிவந்து குரலைத் தாழ்த்தினார்.

“எழுத்தரே, புயலுக்கு முந்தின நாள் நானும் சாமி கும்பிட்டேன். பதிஞ்சுக்கோங்க.”

“தமெனாகா, நீங்களுமா?”

“கப்பல்ல குதிச்சது நான் இல்லேன்னு வேணா எழுதிக்கோங்க. காத்து என்னோடது.”

எழுதினேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். கடைசியாக உங்கள் வீட்டில் ஒரு நல்லது தானாகவே நடந்தபோது, நாலு பேருக்கு முன்னால் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன? நினைவுபடுத்திக்கொண்டு வாருங்கள். பதிய நிற்கும் வரிசை கோயில் வாசல்வரை நீள்கிறது. இடம் பிடித்துவைக்கச் சொல்கிறேன்.