தொண்ணூறும் காணாமல் போன வால்வும்

சென்னையில் வெயில் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்ட ஒரே மனிதர் தொண்ணூறுதான். மே மாத மத்தியானத்தில் மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் தெருநாய்கள்கூடக் கார்களுக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருக்கும். இவர் ஒரு இஞ்சினுக்குள் தலையை விட்டபடி, "இன்னும் சூடு ஏறலயே" என்று உச்சுக்கொட்டிக்கொண்டிருப்பார்.

கார் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ தெரியாது. மந்தைவெளியிலிருந்து ராயப்பேட்டை வரைக்கும் தொண்ணூறு என்று சொன்னால் போதும், கை காட்டுவார்கள். இஞ்சினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடும் கூலன்ட் தொண்ணூறு டிகிரியில் நிற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை, கட்சி, பக்தி எல்லாம். தொண்ணூற்றைந்து வரை மன்னிப்பு உண்டு. எண்பதுக்குக் கீழே போனால் முகம் தொங்கிவிடும். ஷெட்டில் மற்றவர்கள் சாமி படம் மாட்டும் இடத்தில், சிவப்பு பெயின்ட்டில் பெரிதாக 90 என்று எழுதி வைத்திருந்தார். ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்.

எப்போதும் கையில் ஒரு துப்பாக்கி இருக்கும். பயப்பட வேண்டாம், சூடு பார்க்கும் துப்பாக்கி. கொரோனா சமயத்தில் எங்கள் அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி இவர் நெற்றியில் ஒரு கருவியைக் காட்ட, இவர் பதிலுக்கு ரேடியேட்டர் பார்க்கும் தன் துப்பாக்கியை எடுத்து அவர் நெற்றியில் காட்டினார். "முப்பத்தி நாலு. நீ இன்னும் வார்ம்-அப்பே ஆவல நைனா. மெதுவா நட" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார். டீக்கடையில் டீயைச் சுடுவார், ஓட்டலில் சாம்பாரைச் சுடுவார். "அறுவத்தஞ்சுக்கு மேல குட்ச்சா நாக்கு இஞ்சினாட்டம் சீஸ் ஆயி நின்னுடும் சார்" என்று எனக்கே ஒருமுறை காபியைப் பிடுங்கி வைத்து ஆற்றிக் கொடுத்தார்.

அவரிடம் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் மனைவி ஜெயந்தி. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், மார்கழியில் விடியற்காலையில் கோலம் போடுகிறவள். ஐம்பது வயதாக ஒரு வருஷம் இருக்கும்போது, டர்போ வைத்த ஒரு சின்ன சிவப்புக் காரைப் பழையதாக வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள். ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தளத்தில் பெண்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்களாம். தனியாக நான்கு சுற்று ஓட்ட வேண்டும், நேரம் பார்ப்பார்கள்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"சின்ன வயசுலேர்ந்து ஆசை. யார்கிட்டயும் சொன்னதில்லை. இப்போ சொல்லிட்டேன்" என்றாள். இருபத்து மூன்று வருஷம் கூட இருந்தவனுக்கு இது தெரியவில்லையே என்று எனக்குச் சுருக்கென்றது.

தொண்ணூறு அந்தக் காரைப் பார்த்த பார்வை, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் பார்வை. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் மீட்டர்கள் இரண்டைப் பொருத்தினார். ஒன்று கூலன்ட்டுக்கு, மற்றொன்று ஆயிலுக்கு. "கூலன்ட் சூடாச்சின்னா வண்டி சூடாச்சின்னு நெனச்சிக்காதீங்கமா. கூலன்ட்டு அஞ்சு நிமிஷத்துல ரெடியாயிடும். ஆயில் சோம்பேறி, லேட்டாத்தான் எயுந்துக்கும். ஆயில் எம்பதத் தாண்டுற வரைக்கும் நீங்க கோயிலுக்குப் போற மாதிரித்தான் ஓட்டணும். நூறு, நூத்திப்பத்துல கீதுன்னா அப்பால இஷ்டத்துக்கு மிதிங்க. நூத்திமுப்பது காட்டுனா கால எட்த்துடுங்க."

"நூறுங்கறது ஜாஸ்தி இல்லையோ?" என்றாள் ஜெயந்தி.

"நூறத் தாண்டுனாத்தாம்மா உள்ள கீற ஈரம் ஆவியாப் போவும். ஈரம் தங்குச்சின்னா ஆயில் வெண்ணெயாட்டம் ஆயிடும். பேரிங்கு பூடும்."

ஜெயந்தி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொன்னது எதையும் அவள் இதுவரை எழுதி வைத்துக்கொண்டதில்லை.

இந்த இடத்தில் நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒரு சாமான் இஞ்சினில் உண்டு, உள்ளங்கையில் அடங்கிவிடும். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடிக்கொண்டு, கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாது. சூடு ஏறியதும் திறந்துவிடும். கார் ஹீட் ஆகிறது என்று யார் போய் நின்றாலும் நம் மெக்கானிக்குகள் முதலில் அதைத்தான் பிடுங்கிப் போடுவார்கள். "இந்த ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு சார்?" என்பார்கள். நாமும் தலையை ஆட்டுவோம்.

தொண்ணூறுக்கு இது கொலைக் குற்றம். பிடுங்கிய வண்டி வந்தால், "வால்வு எங்க?" என்று கேட்பார். அந்தக் குரலைக் கேட்டால், வீட்டில் பெரியவர்களை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்பதுபோல் இருக்கும். அப்புறம் புது வால்வு ஒன்றை டீக்கடைக்கு எடுத்துப் போய், அடுப்பில் சூடேறும் தண்ணீரில் போட்டு, எல்லோரையும் சுற்றி நிற்க வைத்துக் காட்டுவார். "எம்பத்திரெண்டு. தொறக்குது பாரு. இன்னா அயகாத் தொறக்குது பாரு."

"அண்ணே, டீயில கிரீஸ் வாசன வருதுன்றாங்க" என்று டீக்கடைக்காரர் புலம்புவார்.

"அது கிரீஸ் இல்ல, அறிவு. குட்ச்சிட்டு போவச் சொல்லு" என்பார் இவர்.

முப்பது வருஷத்தில் ஒரு வண்டியிலிருந்தும் அவர் வால்வைக் கழற்றிவிட்டு அனுப்பியதில்லை. ராயப்பேட்டை மெக்கானிக்குகள் அவரைக் கிண்டல் செய்வார்கள், ஆனால் சொந்தக்காரர் வண்டி என்றால் அவரிடம்தான் அனுப்புவார்கள்.

அவரும் தப்புச் செய்திருக்கிறார். சீனிவாசபுரத்து மீனவர் ஏழுமலை தன் படகு இஞ்சினைக் கொண்டுவந்தபோது, அது அறுபது டிகிரியில் ஓடுவதைப் பார்த்து இவருக்குத் தாங்கவில்லை. "இது இஞ்சினா, குளிக்கிற வெந்நியா?" என்று சொல்லி, கூடுதல் சூட்டில் திறக்கும் வால்வைத் தேடிப் பிடித்து மாட்டினார். ஏழுமலை அப்போதே சொன்னார்: "நைனா, உன் காருல ஓடுறது நல்ல தண்ணி. இதுல ஓடுறது கடல் தண்ணி. சூடு ஏறுனா உள்ள உப்பு பூக்கும்." கேட்டால்தானே?

ஒரு மாதம்கூட ஆகவில்லை. உப்பு அடைத்துக்கொண்டு படகு கடலில் நின்றுபோய், வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. தொண்ணூறு நேரே கடற்கரைக்குப் போனார். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் நடுவில் நின்று, "தப்பு என்னுது. இஞ்சின் மேல தப்பு இல்ல, ஏயுமலை மேல தப்பு இல்ல" என்றார். இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து உப்பைச் சுரண்டி எடுத்தார். ஷெட் சுவரில் 90க்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், "கடல் தண்ணிக்கு 60" என்று சேர்த்து எழுதினார். அன்றிலிருந்து, தொண்ணூறு தன் தப்பு என்று ஒன்றைச் சொன்னால் ஊரில் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை.

ஜெயந்தியின் பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலை, "பெட்ரோல் போட்டுண்டு வந்துடுங்கோ" என்று சாவியை என்னிடம் கொடுத்தாள். நான் அதோடு நிற்காமல், காய்கறி வாங்கலாம் என்று தி. நகருக்கு வண்டியை விட்டேன். பனகல் பார்க் சிக்னலில் இருபது நிமிஷம். கூலன்ட் முள் தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றைந்து என்று ஏறியது. அதுவரை மன்னிப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் சிக்னலில் அதைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தத்துவம் உதவாது. நாளைக்கு இவள் உள்ளே இருக்கும்போது இது வெடித்தால்? எனக்கு வேர்த்துக் கொட்டியது.

பக்கத்துச் சந்தில் ஒரு மெக்கானிக் கடை திறந்திருந்தது. "வால்வக் கழட்டிடலாம் சார். ஐஸ் மாதிரி ஓடும்" என்றார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பிடுங்கிய வால்வு அவருடைய டப்பாவுக்குள் போயிற்று. திரும்பி வரும்போது முள் அறுபத்தைந்தைத் தாண்டவே இல்லை. மனைவிக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட நிம்மதியில் நான் சீட்டியடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் காரை லாரியில் ஏற்றித் தொண்ணூறே தளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஜெயந்தியின் முறை பத்தரைக்கு. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தேர்வு ஹாலுக்கு வெளியே நிற்கும் மாணவியைப்போல் நின்றாள். முறை தவறினால் மறுபடி கிடையாது, அடுத்த வருஷம்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

பத்து மணிக்கு இஞ்சினைப் போட்டார் தொண்ணூறு. மெதுவாக ஓட்டி வந்து, காத்திருந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கூலன்ட் அறுபத்திரண்டு. ஆயில் ஐம்பத்தெட்டு. "இன்னாடா இது" என்று பானெட்டைத் திறந்து, துப்பாக்கியால் ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸைச் சுட்டார், திரும்பி வரும் ஹோஸைச் சுட்டார். இரண்டும் ஒரே சூடு; கூலன்ட்டைத் தடுக்க நடுவில் ஒன்றும் இல்லை. வால்வு இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தூரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து துப்பாக்கியை என் நெற்றியில் வைத்தார்.

"வண்டிக்கு ஏறல சார். உங்களுக்கு ஏறிகீது" என்றார் மெதுவாக.

அதற்குள் ஜெயந்தி வந்துவிட்டாள். "என்னாச்சு? ஏன் இன்னும் சூடாகலை?"

சுற்றிலும் மற்ற கார்களின் மெக்கானிக்குகள். அதில் மூன்று பேர் ராயப்பேட்டைக்காரர்கள். நான் மறுபடி அந்தத் தண்ணீர்த் தொட்டியை ஆராயப் போய்விட்டேன்.

"வால்வு இல்லமா" என்றார் தொண்ணூறு. "கிளீன் பண்றதுக்கு நான்தான் கயட்டுனேன். திருப்பிப் போட மறந்துட்டேன். தப்பு என்னுது."

ராயப்பேட்டைக்காரர்கள் மூவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஜெயந்தி ஒரு வினாடி அவரையே பார்த்தாள். "சரி, இப்போ என்ன பண்ணலாம்?" என்றாள்.

அவர் தண்ணீர் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, கத்தரியால் வெட்டி, ரேடியேட்டரின் முன்னால் டேப் போட்டு ஒட்டினார். காற்றுப் பட்டால்தானே குளிரும். நல்ல கோடையில் ரேடியேட்டருக்குப் போர்வை போர்த்துகிறவரைப் பார்த்துத் தளத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இவர் முள்ளைப் பார்ப்பதும், அட்டையில் ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டுவதும், மறுபடி பார்ப்பதுமாக இருந்தார். எழுபது. எழுபத்தெட்டு. பத்து இருபத்தைந்துக்குக் கூலன்ட் எண்பத்தைந்து. பத்து இருபத்தெட்டுக்கு ஆயில் எண்பத்திரண்டு.

"போலாம்மா" என்றார். "மொத சுத்து கோயிலுக்குப் போற மாதிரி. அப்பால உங்க இஷ்டம்."

போனாள். முதல் சுற்று மெதுவாக. இரண்டாவது சுற்றில் அந்தச் சிவப்புக் கார் வளைவில் திரும்பிய வேகத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன், மூன்றாவதில் பாதி திறந்தேன், நான்காவதில் கத்திக்கொண்டிருந்தேன். பதினோரு பேரில் ஆறாவது இடம். வண்டியிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை, எங்கள் கல்யாண ஆல்பத்தில் எவ்வளவு தேடினாலும் பார்க்க முடியாது.

திரும்பும்போது தொண்ணூறைத் தனியாகப் பிடித்தேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? அம்மா ஹெல்மெட் மாட்டிகினு போவப் போறாங்க. அந்நேரத்துல உங்க மேல கோவம் வந்துதுன்னா மொத வளைவுலயே செவுத்துல வுட்ருவாங்க. இஞ்சின் கொஞ்சம் கூலா கீதுன்னா சமாளிக்கலாம் சார். ஓட்றவங்க ஹீட்டாவக் கூடாது."

"நான் சாயந்திரமே அவகிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"உங்க இஷ்டம்" என்றார்.

சொல்லவில்லை. அன்று சாயந்திரம் அவள் சந்தோஷமாக இருந்தாள், அதைக் கெடுப்பானேன் என்று தோன்றியது. மறுநாளும் சந்தோஷமாக இருந்தாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இதற்குள் ராயப்பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. "தொண்ணூறே வால்வு போட மறந்துட்டாராம்பா" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். டீக்கடையில் அவர் வெந்நீர்ப் பாடம் நடத்தினால், "மொதல்ல மாட்டுறதுக்கு ஞாபகம் வெச்சிக்கங்கண்ணே" என்கிறார்கள். அவர், "ஆமா, வயசாவுதுல்ல" என்று சொல்லிவிட்டு இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார். நான் அங்கேயே நின்று டீ குடித்திருக்கிறேன். ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை.

ஜெயந்தி இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறவள். ராயப்பேட்டையிலும் இதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த வால்வைக் கழற்றச் சொன்னது நான். தொண்ணூறு எதையும் மறக்கவில்லை. இன்று காலை ஷெட் பக்கம் போனேன், பாவி மனிதர் என்னைக் கண்டதும் காரை விட்டுவிட்டு, "வாங்க சார், அம்மா நல்லாருக்காங்களா?" என்றுதான் கேட்டார்.