காற்றுக்கு ஈரம் ஊட்டப் போய்

கிராஸ்நோயார்ஸ்க்,
ஜனவரி, ஞாயிறு மதியம்.

மதிப்புக்குரிய கப்பித்தோலினா அக்காவுக்கு, தம்பி வெனியமீன் பணிவோடு எழுதிக்கொள்வது. அக்காவும் அத்தானும் சோச்சியின் கடற்காற்றில் சுகமாக இருப்பீர்கள். இருக்க வேண்டும். எங்கள் சுகம் எப்படியென்று கீழே படியுங்கள்.

புத்தாண்டுக்கு நீங்கள் அனுப்பிய, காற்றை ஈரமாக்கும் இயந்திரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. உங்கள் நல்ல மனதைக் குறை சொல்ல நான் யார்? வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரில் வெந்நீர் விட்ட நாள்முதல் எங்கள் வீட்டுக்குள் கருவாடு காயப்போடலாம் என்கிற நிலைமைதான். காலையில் எழுந்தால் என் வீட்டுக்காரி ரிம்மாவுக்கு மூக்கில் ரத்தம். நான் கம்பளிச் சட்டையைக் கழற்றினால் பொறி பறக்கிறது. தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று பூனை என்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடுகிறது. ரேடியேட்டர்மேல் போட்ட ஈரத்துண்டெல்லாம் சற்று நேரத்தில் அப்பளம். எல்லாம் உண்மை. ஆனால் அக்கா, அந்த இயந்திரத்தைவிட மூக்கில் ரத்தமே மேல்.

முதல் நாள் அதன் வாயிலிருந்து புகை வந்ததும் நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யப் போனேன். ரிம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“புகை இல்ல மனுஷா, ஆவி!”

ஆவி என்றதும் எனக்கு இன்னும் குலை நடுங்கியது. மறுநாள் தொலைக்காட்சி, மேசை, பூனையின் முதுகு எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. கூரை இற்றுக் கொட்டுகிறது என்று தலையணையைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். “குழாய்த் தண்ணியில இருக்கிற சுண்ணாம்புடா அது, பயந்தாங்கொள்ளி” என்று அவள் சிரித்தாள். மூன்றாம் நாள் ஜன்னலெல்லாம் உள்பக்கம் பனிக்கட்டி. விரற்கடை கனம். வெளியே முப்பத்தெட்டு டிகிரி மைனஸ். நம் காற்றுக்கு ஊட்டிய ஈரமெல்லாம் கண்ணாடியில் போய் உறைகிறது. பால்கனிக் கதவின் இடுக்கிலும் வெள்ளை வெள்ளையாகப் பனி பூத்துவிட்டது. இது நல்லதற்கில்லை என்று சொன்னேன். யார் கேட்டார்கள்?

நேற்று மத்தியானம் ரிம்மா பால்கனிக்குப் போனாள், அங்கே குளிரில் வைத்திருந்த பெல்மெனிக் கறிக்கொழுக்கட்டை மூட்டையை எடுக்க. குளிர் உள்ளே புகாமலிருக்க நானே கதவைச் சாத்திக் கைப்பிடியைத் திருகினேன். அவள் கண்ணாடியைத் தட்டினாள். திருப்பினேன். கதவு திறக்கவில்லை அக்கா! மேல்பக்கம் மட்டும் பிளந்து என் தலைமேல் சாய்ந்தது. அடிப்பக்கம் பனியில் ஒட்டிக்கொண்டு சட்டமே பெயர்ந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. தோளைக் கொடுத்துத் தள்ளி நிறுத்தினேன். மறுபடி திருப்பினேன், மறுபடி சாய்ந்தது. அவள் அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ கத்துகிறாள், குளிரில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். கெட்டில் வெந்நீரை நிலைப்படியில் ஊற்றினேன், அது தரையில் வழிந்து நானே அதில் வழுக்கி விழுந்தேன். எழுந்து பார்த்தால் பனி பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் வெறும் கறுப்பு உருவம். அது மெல்லக் கீழே இறங்கியது. உட்கார்ந்தது. அப்புறம் அசையவில்லை.

“ரிம்மா! ரிம்மோச்கா! ஏதாவது சொல்லும்மா!”

செருப்பில்லாமல் ஓடிப்போய் எதிர்வீட்டு அல்பினாவின் கதவை இடித்தேன். பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறவள், ஆறடி உயரம். “தாத்தா, முதல்ல மூச்சு விடுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்து, கைப்பிடியில் ஒரு கை வைத்தாள். அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் கரடி பலம் அக்கா, இல்லாவிட்டால் இன்று நான் தனியாள்.

ஆகவே இயந்திரத்தை நாளையே தபாலில் திருப்பி அனுப்புகிறேன். தடுக்காதே என்று ரிம்மாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. இங்கே வந்து எங்களைப் பார்க்கும் எண்ணமிருந்தால் பனி உருகியபின் வாருங்கள். அத்தானின் முட்டிவலி தீரட்டும், உங்கள் தோட்டம் காய்க்கட்டும். என்றும் உங்கள் ஆசியை வேண்டும்,

தம்பி வெனியமீன்.

பி.கு.: அண்ணி, இது ரிம்மா. தபால்தலை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். கதவு உறையவே இல்லை. அந்தக் கைப்பிடியை மேலே திருப்பினால் காற்றுக்காகக் கதவு சாயும், பக்கவாட்டில் திருப்பினால் திறக்கும். “பக்கத்துல திருப்பு, பக்கத்துல!” என்று தொண்டை கிழியக் கத்தியும் கேட்கவில்லை. சரி, பயந்து ஓயட்டும் என்று உட்கார்ந்து மூட்டையிலிருந்து பெல்மெனியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆட்டுத்தோல் கோட்டு போட்டிருந்ததால் எனக்கு வியர்வைகூட வந்தது. உங்கள் இயந்திரம் வந்ததிலிருந்து மூக்கில் ரத்தம் நின்றுவிட்டது. நேற்று இரவு அதைக் கொஞ்சம் குறைத்து வைத்ததும் ஜன்னல் பனியும் கரைந்துவிட்டது. கதவு திறந்ததும் இவர் அல்பினா முன்னாலேயே என் கோட்டைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார். இயந்திரத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம், இதோ நான் கேட்காமலே சொம்பு எடுத்துக்கொண்டு போகிறார்.