நாற்காலிகளுக்குப் பாடு போட்ட கதை

அலுவலகத்தைத் தேடி நாம் போவதுதான் உலக வழக்கம். அலுவலகம் நம்மைத் தேடி வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஓர் உதாரணம் நடமாடிக்கொண்டிருக்கிறது. (அது நான்தான்.)

சென்னையில் ஓர் அரசுத் துறையின் சின்னப் பிரிவில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். எந்தத் துறை என்று சொன்னால் விளக்கம் எழுதித் தரச் சொல்வார்களோ என்று பயம். அதனால் அது வேண்டாம். வீடு ஏரிக்கரைக் குப்பத்தில். விடிவதற்கு முன் பஸ், பொன்னேரியில் ரயில், இறங்கியதும் இன்னொரு பஸ். நான் கிளம்பும்போது மகள் யாழினி தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் நாக்கில் ‘ற’ வந்துவிட்டது என்பதே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

சென்னையிலேயே வீடு பார்க்கலாமே என்பீர்கள். நானும் தினமும் ரயிலில் அதைத்தான் யோசிப்பேன். ஆனால் என் கணவருக்கு ஏரியில் மீன்பிடித் தொழில். எனக்கு மாற்றல் கேட்கலாம், ஏரிக்குக் கேட்க முடியுமா?

அப்படி இருக்கும்போதுதான் அலுவலகத்தில் அந்தப் பேச்சு கிளம்பியது. எல்லா அலுவலகமும் சென்னையிலேயே குவிந்து கிடக்கிறதாம். பின்தங்கிய பகுதிகளும் தலையெடுக்க வேண்டுமாம். ஆகவே எங்கள் பிரிவை வெளியூருக்கு மாற்றப்போகிறார்களாம். பார்க்கப்போகும் இடங்களில் பழவேற்காடும் ஒன்று! கண்காணிப்பாளர் சார் முகத்தில் அன்று ஈயாடவில்லை. நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு, ஒருவேளை நடக்காமல் போனால் என்று அங்கேயே நின்று கொஞ்சம் அழுதும் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமனாரிடம்தான் முதலில் சொன்னேன். அவர்தான் ஊர்த் தலைவர். அலுவலகத்துக்கு இடம் வேண்டும் என்றால் ஊர்ச் சமுதாயக்கூடத்தை அவர்தான் திறந்துவிட வேண்டும்.

“ஆபீஸ் வேலையெல்லாம் இங்க வரப்போவுது மாமா. மெட்ராஸ்லயே எல்லாம் இருந்தா மத்த ஊரு எப்படி முன்னுக்கு வரும்னு கேக்கறாங்களாம்.”

மாமனார் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“இத்தத்தானேம்மா நாங்க காலங்காலமா பண்ணிக்கினு கீறோம்? ஒருத்தனே எத்தினி நாளு நல்ல எடத்துல வல போடுவான்? மெட்ராஸ்காரன் போட்டது போதும். இனிமே நம்ம பாடு!”

பாடு என்பது எங்கள் ஏரியின் சட்டம். இறால் நிறைய விழும் இடமும் உண்டு, வெறும் பாசி விழும் இடமும் உண்டு. நல்ல இடம் யாருக்கும் சொந்தமில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து வலை போடுவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண்களுக்குத்தான் பங்கு. பெண்களுக்குக் கிடையாது.

அடுத்த ஞாயிறு மாமனார் கேட்டார்: “ஆபீஸ்ல எந்தெந்த நாற்காலிம்மா கீது?”

கூடத்தில் நாற்காலி போடத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இயக்குநர், கண்காணிப்பாளர், உதவியாளர், தட்டச்சர், ஓட்டுநர் என்று ஒன்று விடாமல் பெருமையாகச் சொன்னேன். யாருக்கு என்ன வேலை, யாருக்குச் சுழல் நாற்காலி என்பது வரைக்கும். (கேட்காததையும் சேர்த்துச் சொல்வது என் பிறவிக் குணம்.)

இயக்குநர் மேடமும் கண்காணிப்பாளர் சாரும் இடம் பார்க்க வந்த நாளில், மகளுக்கு ரெட்டைச் சடை பின்னி, நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். (பருத்தியே கட்டியிருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது.) கூடத்துக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். ஜன்னல் வழியாக ஏரி தெரிந்தது. மேடம் காரை விட்டு இறங்கியதும், “நல்ல காத்து” என்றார். என் வீட்டு வாசலில் இருந்து கூடம் வரை மனதுக்குள் நடந்து பார்த்தேன். மதியம் வீட்டுக்குப் போய் மகளுக்குச் சோறு ஊட்டிவிட்டே திரும்பலாம்.

கூடத்துக்குள் நுழைந்தோம். வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர், இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக உட்கார்ந்திருந்தார். நடு நாற்காலியில் பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன்.

மாமனார் கைகூப்பினார். “வாங்க மேடம். இவன் ஏழுமலை. உங்க நாற்காலி இவனுக்குத்தான் விழுந்திச்சி.”

“என் நாற்காலியா?”

“பயப்படாதீங்க, கொஞ்ச நாளுதான். அப்பால அடுத்தவன் குந்துவான். ஒருத்தனே குந்திக்கினா நல்லாவா கீது?”

கண்காணிப்பாளர் சார் மெதுவாகக் கேட்டார்: “அப்போ நாங்க?”

“உங்கள வுட்ருவமா சார்? ஏரியில எங்க பாட்ட உங்களுக்கு வுட்டுத்தர்றோம். நல்ல எடமா பாத்தே தர்றோம். வல இழுக்கப் பசங்க கத்துக்குடுப்பானுங்க.”

சார் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். அவருக்குக் குளத்தில் கால் நனைத்தாலே சளி பிடிக்கும்.

வரிசையின் கடைசி நாற்காலியைப் பார்த்தேன். என் கணவர் உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க, நீங்க இங்க இன்னா பண்றீங்க?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“உன் வேல எனக்கு விழுந்திச்சி சுமதி. பாப்பாதான் சீட்டு எடுத்துக் குடுத்தா” என்றார் கூச்சமாக. “டைப்பு மட்டும் சொல்லிக்குடுத்துட்டுப் போ.”

ரெட்டைச் சடை மேடத்தின் புடவையைப் பிடித்து இழுத்தது. “எங்கம்மா இனிமே வீட்ல இருக்கும். நைனா ஆபீசுக்குப் போவும்.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “யாரும்மா இவங்களுக்கு இப்படியெல்லாம் சொன்னது?”

“எங்க மருமவதான்!” என்றார் மாமனார் பெருமையாக.

நான் சமாளித்திருக்கலாம். அப்போது பார்த்துத்தான் எனக்கு உண்மை பேச வந்தது. “வேலைங்க காலியா வராது மாமா. இருக்கற ஆளுங்களும் கூடவே வருவாங்க.”

மாமனார் கூப்பிய கையை இறக்கினார்.

“அப்போ நமக்கு இன்னாம்மா வருது?”

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் சாரைப் பார்த்தார். சார் தொண்டையைச் செருமினார். “டீக்கடை வரும். ஜெராக்ஸ் கடை வரும்...”

“டீக்கடதான் கீதே சார்” என்றார் ஏழுமலை அண்ணன்.

பிறகு அவர் எழுந்து, நாற்காலியைத் துண்டால் துடைத்து, “குந்துங்க மேடம்” என்றார். ஒவ்வொருவராக எழுந்து கொடுத்தார்கள். யாரும் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லோருக்கும் இறால் தொக்கு பரிமாறினார்கள். சார் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காரில் ஏறும்போது மேடம் என் கையைப் பிடித்து, “எதிர்பார்ப்பு ஜாஸ்தியா இருக்கும்மா” என்று மட்டும் சொன்னார். ஊருக்கா, எனக்கா என்று இன்றுவரை கேட்கவில்லை.

எங்கள் பிரிவு கடைசியில் சென்னையிலேயே வேறு மாடிக்கு மாறியது. என் பேருந்து நிறுத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தூரம்.

ஊரில் ஏழுமலை அண்ணனை இன்றும் ‘டைரக்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்க்கிறார். ஊர்ப் பெண்கள் என்னைக் கண்டால், “இன்னா சுமதி, ஆபீஸ் எதுவரைக்கும் வந்து கீது? பொன்னேரி தாண்டிச்சா?” என்பார்கள்.

யாழினி இப்போது ஒன்றாம் வகுப்பு. ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் சொம்பில் சீட்டுக் குலுக்கி என் முன்னால் நீட்டுவாள். நாளைக்கு ஆபீஸ் யாருக்கு என்பதற்கான பாடு. பெயர் எழுத மாட்டாள், முகம்தான் வரைவாள். எதை எடுத்தாலும் மீசை இருக்கும். ஒருநாள் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாச் சீட்டிலும் மீசை.

“நைனாவுக்குத்தான் விழுந்திச்சி! நைனாவுக்குத்தான் விழுந்திச்சி!” என்று அவள் குதிப்பாள். “டைப்பு கத்துக்கினேன், போய்ட்டு வந்துடறேன்” என்று என் கணவர் சட்டையை மாட்டிக்கொள்வார். வீடே சிரிக்கும். நானும்தான்.

திங்கட்கிழமை இருட்டில், தூங்குகிறவளின் போர்வையைச் சரிசெய்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்கிறேன். டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக் கைப்பையைத் துழாவினால், முந்தின நாள் நான் எடுத்த மீசைச் சீட்டு கையில் தட்டுப்படும்.