ஏழாம் பெட்டிப் பறவை

"உள்ளே ஏதாவது இருக்கா?" என்று கீழேயிருந்து டீச்சர் கேட்டபோது, ஏணியின் உச்சியில் நின்ற பூட்டுக்காரரின் வாயில் ஒரு முழு கிரீம் பிஸ்கட் இருந்தது.

வாயைத் திறந்தால் பிஸ்கட் விழும். திறக்காவிட்டால் டீச்சரே ஏறி வந்துவிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்காகியும் ஏணியைக் கண்டால் சும்மா நிற்கிற ஆள் இல்லை அவர். பூட்டுக்காரர் தலையை மேலும் கீழும் ஆட்டி வைத்தார்.

"இருக்கா? நிஜமாவா? கூடா?"

மறுபடியும் ஆட்டினார்.

"முட்டையுமா?"

ஆடத் தொடங்கிய தலை சட்டென்று நிற்பதில்லை. முட்டைக்கும் ஆடியது.

டீச்சர் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். பூட்டுக்காரர் பிஸ்கட்டை விழுங்கி, பெட்டிக்குள் இருந்த தகர டப்பாவின் மூடியை அழுத்தி, பெட்டியின் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டுவிட்டு இறங்கினார்.

அது பறவைகள் வந்து கூடு கட்டட்டும் என்று மரத்தில் மாட்டிய பலகைப் பெட்டி. ஏரியை ஒட்டிய அந்தச் சின்னக் காட்டில் இப்படி இருபது பெட்டிகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டைச் சுத்தம் செய்து, களை பிடுங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மரங்களைக் காட்டிக் கொடுக்கிற தன்னார்வலர் குழு டீச்சருடையது. பெட்டிகளுக்குக் கீல், கொக்கி எல்லாம் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தவர் பூட்டுக்காரர். அவர் பொறுப்பில் இருந்த ஏழாம் பெட்டியின் கொக்கி மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு போடப்பட்டது.

காரணம் சர்க்கரை. "இனிப்பை விடுங்க, நடங்க, இல்லேன்னா ஊசிதான்" என்று டாக்டர் சொன்ன அன்றே பூட்டுக்காரரின் மனைவி இரண்டு வேலை செய்தாள். ஒன்று, நடப்பதற்காக இரண்டு பேரையும் டீச்சரின் குழுவில் சேர்த்துவிட்டாள். இன்னொன்று, கடைக்கே நேராக வந்து, "உங்களாலயே திறக்க முடியாத பூட்டு எது?" என்று கேட்டாள். தொழில் பெருமை யாரை விட்டது? எடுத்துக் கொடுத்தார். அது அன்று சாயங்காலமே சமையலறை அலமாரியில் தொங்கியது. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில்.

அதோடு நின்றிருந்தால் அவருக்கு இத்தனை உறுத்தல் இருந்திருக்காது. "உங்க கண்ணு முன்னாடி நான் மட்டும் தின்னா நல்லாவா இருக்கும்? நானும் இனிப்பை விட்டுட்டேன்" என்றாள். காப்பிக்குச் சர்க்கரை போடுவதைக்கூட நிறுத்திவிட்டாள். சர்க்கரை நோய் இல்லாத ஒருத்தி, இனிப்பென்றால் உயிரை விடுகிற ஒருத்தி, அவருக்காகக் கசப்புக் காப்பி குடித்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பூட்டுக்காரருக்கு நெஞ்சை அடைக்கும். அடைத்த நெஞ்சோடு காட்டுக்குப் போய் இரண்டு பிஸ்கட் தின்பார்.

டீச்சர் தோள்பையிலிருந்து சிவப்பு ரிப்பனை எடுத்து மரத்தைச் சுற்றிக் கட்டினார். பறவை குடிவந்த மரத்துக்குச் சிவப்பு ரிப்பன். அந்தப் பெட்டியின் பொறுப்பாளரைத் தவிர வேறு யாரும் ரிப்பன் மரத்தை நெருங்கக் கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம்.

"இது ரெண்டாவது ரிப்பன்! பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இப்போ இங்க ஒண்ணு. இந்த வருஷம் நமக்கு நல்ல வருஷம், பூட்டுக்காரரே!"

பூட்டுக்காரர் ரிப்பனைப் பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு பூட்டை அவர் கண்டதில்லை. சாவியே கிடையாது.

"சரி, என்ன பறவை?"

"சின்னதுதான், டீச்சர்."

"நிறம்?"

பறவைகளில் அவருக்குக் காக்கையும் புறாவும் தெரியும். இரண்டும் அந்தப் பெட்டியின் ஓட்டைக்குள் நுழையாது. யோசிக்க நேரமில்லாதபோது மனிதன் கடைசியாகப் பார்த்ததைத்தான் சொல்வான்.

"ரெண்டு பக்கமும் பழுப்பு. நடுவுல வெள்ளையா ஒரு கோடு. ஓரமெல்லாம் பல்லுப் பல்லா இருக்கும். அப்புறம் உடம்பு பூரா பொட்டுப் பொட்டா சின்னச் சின்ன ஓட்டை... புள்ளி."

டீச்சர் பையிலிருந்த பறவைப் புத்தகத்தை எடுத்து நின்றபடியே புரட்டினார். முதலிலிருந்து கடைசிவரை போனார். கடைசியிலிருந்து முதலுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்படி ஒரு பறவை இந்தப் புத்தகத்திலேயே இல்லையே!" என்றார் மெதுவாக. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் பூட்டுக்காரர் ஏணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

செய்தி குழுவின் வாட்ஸப்பில் ஏறி, அங்கிருந்து வேறு குழுக்களுக்குப் பறந்தது. இரண்டே நாளில் நீளமான கேமராக்களோடு நாலு பேர் வந்து, ரிப்பனுக்கு மரியாதையான தூரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் போல இருந்தவர் தொப்பி போட்டவர். தொப்பிக்காரர் கண் இமைப்பதாகவே தெரியவில்லை.

"காலையிலிருந்து வெளியிலேயே வரலீங்களே?" என்றார் அவர்.

"அடைகாக்குதுங்க" என்றார் பூட்டுக்காரர். "தாய்ப்பறவை ரொம்பக் கூச்ச சுபாவம். ஆள் வாடை பட்டாலே முட்டையை விட்டுட்டுப் போயிடும்."

"அப்போ ஆண் பறவைதானே தீனி கொண்டாரணும்?"

"அது விடியறதுக்கு முன்னாடியே வந்து கொடுத்துட்டுப் போயிடும்."

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். பூட்டுக்காரர் ஒன்பதை எப்போதோ தாண்டியிருந்தார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நாலு கேமராவுக்கு முன்னால் டப்பாவைத் திறக்கவும் முடியவில்லை. தேடித் தேடி ஒளித்து வைத்த பிஸ்கட்டுக்கு அவரே நாலு காவல்காரர்களை வரவழைத்துவிட்டார்.

வீட்டில் இன்னும் மோசம். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. தொலைபேசியில் தன் அக்காவிடம், "புத்தகத்துலேயே இல்லாத பறவையாம்கா. எங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சாரு. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினதும் கண்ணு எவ்வளவு தெளிவாயிடுச்சு பாரு" என்றாள். பேசி முடித்துவிட்டுக் கசப்புக் காப்பியை ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் குடித்தாள். பூட்டுக்காரர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

அடுத்து எறும்பு வந்தது.

"என்னங்க, எறும்பு வரிசையா பெட்டிக்கு ஏறுது! குஞ்சு பொரிச்சா கடிச்சே கொன்னுடும்!" என்று தொப்பிக்காரர் பதறினார்.

எறும்பு எதற்கு ஏறுகிறது என்று பூட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். கடைக்கு ஓடிப் போய்ப் பூட்டுக்குப் போடுகிற கிரீஸைக் கொண்டுவந்து பெட்டிக்குக் கீழே மரத்தைச் சுற்றித் தாராளமாகப் பூசினார். எறும்பு நின்றது. கேமராக்காரர்கள் கைகொடுத்துப் பாராட்டினார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஏணியும் அந்த மரத்தில் நிற்காது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை டீச்சர் கடைக்கே வந்துவிட்டார்.

"பூட்டுக்காரரே, மூணு வருஷமா நான் கெஞ்சின ஸ்கூல், இப்போ தானா சம்மதிச்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை ஒரு வகுப்பு முழுக்க வருது. எல்லாம் உங்க பறவையைப் பார்க்கத்தான்!"

"கூச்ச சுபாவம், டீச்சர்..."

"தெரியும். அதனாலதான் பெட்டியைத் திறக்கவே போறதில்லை. நம்ம பிளம்பர் சாக்கடைக் குழாய்ல அடைப்பு பார்க்க ஒரு கேமரா வச்சிருக்கார் இல்ல? விரல் தடிமன்தான். அதை ஓட்டை வழியா உள்ளே விட்டா, வெளியில டிவியில பிள்ளைங்க பார்த்துக்கலாம். பறவைக்குத் தெரியவே தெரியாது."

அன்று இருந்த பதற்றத்தில், பூட்டு வாங்க வந்தவரிடம் வேறு பூட்டின் சாவியைக் கொடுத்தனுப்பினார் பூட்டுக்காரர்.

சனிக்கிழமை மத்தியானம் காட்டுக்குப் போனார். "அதே மாதிரி இன்னொண்ணு ஏரிக்கு அந்தக் கோடியில பறந்துச்சுங்க" என்று மூச்சு வாங்கச் சொன்னார். நாலு பேரும் நாற்காலிகளைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். ஏணியைச் சாய்த்து விறுவிறுவென்று ஏறி, பெட்டியைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்ததுதான் தாமதம், கிரீஸில் ஏணி வழுக்கியது. ஏணி தரையில். அவர் கிளையில். டப்பா கக்கத்தில். கிரீஸ் பூசுவதற்கு முன்பே மேலே ஏறிக் குடியேறிவிட்ட எறும்புகள் சட்டைக்குள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல என்பார்களே, அதை அவர் எறும்பு அளவில் அனுபவித்தார். கத்தவும் முடியவில்லை.

அப்போது பாலத்தின் பக்கமிருந்து யாரோ வேகமாக வருகிற சத்தம் கேட்டது. மனைவி! கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தவள், கிளையில் தொங்குகிறவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பூட்டுக்காரர் எடுத்த டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்து, கொக்கியையும் போட்டுவிட்டிருந்தார்.

"நீ எங்க இங்க?" என்றார் மேலிருந்து.

"நானா? நாளைக்குப் பிள்ளைங்க வருதே, எங்க பக்கம் சுத்தமா இருக்கான்னு பார்க்க வந்தேன். நீங்க ஏன் மரத்துல இருக்கீங்க?"

"எறும்பு பார்க்க."

அவள் ஏணியை எடுத்து நிமிர்த்தி, அவர் இறங்குகிறவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். சட்டைக்குள்ளிருந்த எறும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். "இந்த வயசுல ஒரு பறவைக்காக இப்படியா உயிரைக் கொடுப்பீங்க? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றபோது அவள் கண் கலங்கியிருந்தது.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வாயெடுத்தார். அதற்குள் தொப்பிக்காரர் திரும்பி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. மரத்தடியில் சின்ன டிவி. எதிரே தரையில் ஒரு வகுப்புப் பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது எப்போதும் பூட்டுக்காரரின் மனைவிதான். அன்றும் அவள்தான் பேசினாள்.

"தாய்ப்பறவை அடைகாக்கும்போது தனக்குப் பிடிச்ச தீனியைத் தேடிக்கூடப் போகாது. பசியைப் பொறுத்துக்கும். ஏன் தெரியுமா? தனக்குப் பிடிச்சதை இன்னொருத்தருக்காக விட்டுக்கொடுக்கிறதுதான் அன்பு."

பூட்டுக்காரர் கூட்டத்தின் பின்னால் போய் நின்றார். பூமி பிளக்கவில்லை.

பிளம்பர் கம்பியை ஓட்டைக்குள் விட்டார். டிவியில் முதலில் இருட்டு. பிறகு பலகை. பிறகு எறும்பு, ஏகப்பட்ட எறும்பு. பிறகு உருண்டையாக, பளபளவென்று ஒன்று.

"முட்டை!" என்றார் டீச்சர். "எவ்வளவு பெரிசு!"

பிளம்பர் கேமராவைச் சற்றுத் திருப்பினார். அவசரத்தில் சரியாக மூடாத மூடி. அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது, இரண்டு பக்கமும் பழுப்பு, நடுவில் வெள்ளைக் கோடு, ஓரமெல்லாம் பல்.

"ஐ! கிரீம் பிஸ்கட்!" என்று ஒட்டுமொத்த வகுப்பும் கத்தியது.

டீச்சர் டிவியையும் பறவைப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். மனைவி மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"நான்தான்" என்றார் பூட்டுக்காரர். "பறவையும் இல்லை, முட்டையும் இல்லை. எல்லாம் நான் தின்னதுதான். என்னை மன்னிச்சிடு."

அதற்குப் பிறகு அவள் பேசியதைப் பிள்ளைகள் பாடத்தைவிடக் கவனமாகக் கேட்டார்கள்.

"உங்களுக்காக நாக்கைக் கட்டிப் போட்டேனே! ஒரு நாளாவது, ஒரு துண்டாவது தொட்டிருப்பேனா? கசப்புக் காப்பி குடிச்சேனே! ஒளிச்சு வச்சுத் திங்க எனக்குத் தெரியாதா? மனசு வரலை. ஏன் வரலை? உங்க முகம் ஞாபகம் வரும்!"

பூட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். அழுகை வந்துவிட்டது. எத்தனை பெரிய மனுஷி இவள், எப்படிப்பட்ட அல்பம் நான் என்று நிஜமாகவே நினைத்தார். ஊசியோ, கசாயமோ, இனிமேல் இவள் சொல்வதுதான் சட்டம் என்று அங்கேயே மனதுக்குள் முடிவு செய்தார்.

முன்வரிசையில் ஒரு குழந்தை, "அப்போ பறவை இல்லையா?" என்று விசும்ப ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு.

டீச்சர் நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். "அழக் கூடாது, கண்ணுங்களா. நம்ம காட்டுல இன்னொரு ரிப்பன் இருக்கு, பாலத்துக்கு அந்தப் பக்கம். அதை இந்த அத்தைதான் கண்ணும் கருத்துமா பார்த்துக்கிறாங்க. அத்தை பொய் சொல்ல மாட்டாங்க. பிளம்பர், கேமராவை எடுங்க. எல்லாரும் வாங்க!"

மனைவியின் பேச்சு பாதியில் நின்றது.

பிள்ளைகள் பாலத்தை நோக்கி ஓடினார்கள். அவர்களை எல்லாம் முந்திக்கொண்டு ஓடினாள் அவள். பின்னால் போன பூட்டுக்காரர் பாலத்தைத் தாண்டியபோது, ரிப்பன் கட்டிய மரத்தின் முன்னால் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"கிட்ட வராதீங்க! தாய்ப்பறவை ரொம்பக் கூச்ச சுபாவம். ஆள் வாடை பட்டாலே முட்டையை விட்டுட்டுப் போயிடும்!"

பூட்டுக்காரர் குனிந்த தலையை மெதுவாக நிமிர்த்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, தொந்தரவு பண்ணலை" என்றார் டீச்சர், புத்தகத்தைத் திறந்துகொண்டே. "நீ சொல்லவே இல்லையேம்மா, இது பார்க்க எப்படி இருக்கும்?"

அவள் கணவரைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். எச்சிலை விழுங்கினாள்.

"அடர்த்தியான பழுப்பு, டீச்சர். உடம்பு பூரா சதுரம் சதுரமா கோடு. மேல மட்டும் வெள்ளித்தாள் சுத்தின மாதிரி பளபளன்னு இருக்கும்."