இன்டேக் வால்வும் ஒரு பொட்டலம் திருநீறும்

இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளுக்கு நாலாம் வருஷத்தில் ஒரு வியாதி வரும். பெற்ற அப்பாவுக்கே பாடம் எடுக்கிற வியாதி. எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலையில் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன், அதற்கு வைத்தியம் நடந்தது தேர்வு அறையில், பலர் முன்னிலையில்.

அப்பா கீழ்பென்னாத்தூரில் சொந்த வேன் ஓட்டுகிறார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை, கல்யாணச் சாமான், எதுவானாலும் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோய் இறக்குவார். நான் மெக்கானிக்கல். என் கடைசி வருட ப்ராஜெக்ட், இன்ஜின் மூச்சு இழுப்பதைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது. இன்ஜினுக்குள் காற்று நுழையும் கதவுதான் இன்டேக் வால்வு. அது திறப்பது என்னவோ சில மில்லிமீட்டர்தான். அந்தச் சந்தில் காற்று எப்படி நெருக்கியடித்து நுழைந்து, எப்படிச் சுழன்று சிலிண்டரில் இறங்குகிறது என்று கணக்குப் போட வேண்டும்.

முதல் தடவை கணக்கு முடிந்து, வால்வின் விளிம்பைச் சுற்றி நீலமும் சிவப்புமாகக் காற்றின் கோடுகள் திரையில் வளைந்து இறங்கியபோது நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

"இன்னாடி, பல்லியா?"

"காத்தும்மா! காத்து தெரியுது!"

அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு "சீக்கிரம் ஒரு வேலைக்குப் போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை கிடைத்திருந்தது. சென்னையில் இன்ஜின் தயாரிக்கும் கம்பெனி ஒன்று கல்லூரிக்கே வந்து என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஒரே நிபந்தனை, ப்ராஜெக்டில் முதல் முயற்சியிலேயே பாஸாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் நான். தெருவுக்கே கேசரி கொடுத்தாகிவிட்டது (கேசரியைத் திருப்பி வாங்க முடியாது).

என் ப்ராஜெக்டுக்கு வழிகாட்டியான மேடம் படங்களைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் சொல்றது இருக்கட்டும். நிஜக் காத்து என்ன சொல்லுது?" என்றார். ஆக, நிஜக் காற்றை வைத்து ஒரு சோதனை தேவைப்பட்டது.

அப்பாவின் பழைய வேனிலிருந்து கழற்றிய, வால்வுகள் பொருந்தியிருக்கும் சிலிண்டர் ஹெட் வீட்டில் கிடந்தது. அதன் அடியில் சிலிண்டருக்குப் பதிலாக, உள்ளே நடப்பது தெரிகிற மாதிரி கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினோம். வால்வை அழுத்தித் திறக்க ஒரு திருகு. காற்றை இழுக்க, குழாயின் அடியில் வாக்குவம் கிளீனர். அது கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் மேனேஜராக இருக்கும் சித்தப்பா கொடுத்தது. "பௌர்ணமிக்குள்ள திருப்பிக் குடுத்துடு. கிரிவலக் கூட்டம் வந்தா ரூமெல்லாம் ரொம்பிடும்" என்று சொல்லி, ஹோஸைக்கூடக் கழற்றாமல் அப்படியே வேனில் ஏற்றிவிட்டார்.

காற்றழுத்தத்தை அளக்க, U மாதிரி வளைத்த டியூபில் குங்குமம் கரைத்த தண்ணீர். ஒரு பக்கம் பிளாஸ்டிக் குழாயோடு இணைந்திருக்கும், மறு பக்கம் திறந்திருக்கும். கிளீனர் காற்றை இழுத்தால் இணைத்த பக்கம் தண்ணீர் ஏற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லையில் வைத்து ஓட்டினேன். தண்ணீர் திறந்த பக்கத்தில் ஏறியது.

சாதாரண மனிதர்களுக்கு இந்த இடத்தில் சந்தேகம் வரும். நான் இன்ஜினியர் ஆயிற்றே! டியூபில் ஒட்டிய பெயர்ச் சீட்டுகளைத்தான் மாற்றி ஒட்டிவிட்டேன் என்று முடிவு செய்து, அவற்றைப் பிய்த்து இடம் மாற்றி ஒட்டினேன். பிரச்சினை தீர்ந்தது.

காற்று நுழைய வேண்டிய வாயிலில் அப்பா உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, கை வெச்சா இழுக்கணும்ல? இது தள்ளுதே."

"அது லீக்கேஜ்ப்பா."

"லீக்கேஜ் இவ்ளோ ஜாஸ்தியாவா இருக்கும்?"

"அப்பா, இது டிஃபரென்ஷியல் பிரஷர். உனக்குச் சொன்னா புரியாது."

முப்பது வருஷமாக இன்ஜின் திறந்து மூடுகிற மனிதர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

இன்னொரு பாவமும் உண்டு. தண்ணீர் காட்டிய அளவும் கம்ப்யூட்டர் சொன்ன அளவும் ஒத்துப்போகவில்லை. கம்ப்யூட்டர் கணக்கில் வால்வுச் சுவரின் சொரசொரப்புக்கு ஒரு எண் கொடுத்திருந்தேன். அதை மெல்ல மெல்லத் திருகினேன். எண் திருகத் திருக கிராஃபில் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. ரிப்போர்ட்டில் 'மிகச் சிறந்த ஒற்றுமை' என்று தடித்த எழுத்தில் போட்டேன்.

தேர்வு நாள் வந்தது. வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் கருநீலச் சட்டையில், தடிமனான கண்ணாடியோடு இருந்தார். சாமான்களை வேனில் கொண்டுவந்த அப்பா அறை வாசலில் நின்றார். காற்றின் சுழற்சியைக் காட்ட சாம்பிராணிப் புகை போட நினைத்திருந்தேன். லேபில் நெருப்பு கூடாது என்றுவிட்டார்கள். எங்கள் ஊரில் யார் சட்டைப் பையிலும் இருக்கக்கூடிய ஒன்று திருநீற்றுப் பொட்டலம். அப்பாவிடம் வாங்கி மொத்தத்தையும் காற்று நுழையும் வாயிலில் கொட்டினேன். உறிஞ்சியதும் குழாய்க்குள் வெள்ளையாய்ச் சுழன்று இறங்கும், பார்க்கவே பரவசமாக இருக்கும்!

"சார், இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க சார்" என்றேன். அவர் குனிந்து வாயிலுக்கு நேராக முகத்தை வைத்தார்.

சுவிட்சைப் போட்டேன்.

ஒரு பொட்டலத்தில் அவ்வளவு திருநீறு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தூள் அடங்கியபோது நெற்றி, மீசை, கருநீலச் சட்டை எல்லாம் வெள்ளையாக அவர் அசையாமல் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். கண்களைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டங்கள் தப்பியிருந்தன. அடுத்ததாகக் காத்திருந்த ஒரு பெண் தன்னை மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மேடம் தண்ணீர் எடுக்க ஓடினார். அப்பா வாக்குவம் கிளீனரின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். முன்னால் இழுக்கும் ஓட்டை காலியாக இருந்தது. ஹோஸ் மாட்டியிருந்தது பின்னால் ஊதும் ஓட்டையில். (சித்தப்பாவைக் கேட்டபோது, "நாங்க அதை வராண்டாவுல சருகு ஊதத்தாம்மா வெச்சிருக்கோம்" என்றார்.)

தேர்வாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார்.

"ரிப்போர்ட்ல இருக்கிற ரீடிங் எல்லாம் இப்படி ஊதித்தான் எடுத்ததா?"

இல்லை, இன்றைக்குத்தான் யாரோ மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று சொல்லலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே அப்பா நின்றார். சென்னை வேலை, தெரு முழுக்கக் கொடுத்த கேசரி, எல்லாம் கண் முன்னால் ஓடின.

"ஆமா சார். எல்லாமே. அப்பா அன்னிக்கே சொன்னாரு, நான்தான் கேக்கல. கோடு பொருந்தணும்னு ஒரு நம்பரையும் மாத்திட்டேன் சார்."

அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க என்ன சொன்னீங்க?"

"கை வெச்சா இழுக்கணும்னு சொன்னேங்க" என்றார் அப்பா.

"இழுக்க வெச்சு எடுத்துக் காட்டுங்க. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். நீ மாத்தின நம்பரையும் பழையபடி வை."

ஹோஸை இழுக்கும் ஓட்டைக்கு மாற்றினோம். அப்பா திருகைத் திருக, நான் அளவைப் படிக்க, மேடம் எழுத, ஒவ்வொரு மில்லிமீட்டராக வால்வைத் திறந்தோம். மூன்றாவது புள்ளியிலேயே தெரிந்துவிட்டது. நான் எண்ணைத் திருகுவதற்கு முன்னால், முதல் நாள் கூச்சல் போட்டேனே, அந்தக் கணக்கு காட்டிய பழைய கோட்டின் மேலேயே புள்ளிகள் வரிசையாக உட்கார்ந்தன! கம்ப்யூட்டரின் கணக்கு ஆரம்பத்திலிருந்தே சரி. சரியாக இருந்த ஒன்றை, தப்பான காற்றுக்குப் பொருந்தவில்லை என்று நானே கெடுத்து வைத்திருந்தேன். "சார், பொருந்துது சார்!" என்று நான் கத்தியதில் பக்கத்து லேபிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். தேர்வாளரும் சட்டைத் திருநீற்றோடு கிராஃப் தாளின் மேல் குனிந்துகொண்டு, "அடுத்த பாயின்ட், அடுத்த பாயின்ட்" என்று அவசரப்படுத்தினார்.

பாஸ் போட்டார். மார்க் கம்மிதான், அதுவே எனக்கு ஜாஸ்தி. வேனில் திரும்பும்போது, "அப்பா, சாரிப்பா" என்றேன். "டிஃபரென்ஷியல் பிரஷர்னா இன்னாம்மா?" என்று கேட்டார். கீழ்பென்னாத்தூர் வரும்வரை சொன்னேன். அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கம்பெனியில்தான் இன்றும் வேலை, அதே வால்வு, அதே காற்று. மூன்று வருஷம் கழித்து வேங்கிக்கால் மண்டபத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அழைப்பிதழை மதித்து அந்தத் தேர்வாளரும் வந்திருந்தார். கை நிறைய அட்சதையோடு மேடை ஏறியவர் நேரே எங்களிடம் வரவில்லை. மேடை ஓரத்துப் பெரிய ஃபேன் முன்னால் நின்று உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி அப்பாவிடம், "ஐயா, நீங்க சொல்லுங்க. காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அப்பா சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டார். ஒன்றும் புரியாமல் விழித்த என் கணவருக்கு, தாலி கட்டிய கையோடு நான் சொன்ன முதல் கதை இதுதான். இப்போது அதை என்னைவிட என் மாமியார்தான் நன்றாகச் சொல்கிறார். அவர் சொல்லும்போது திருநீறு இரண்டு பொட்டலம்.