ஜானவாசக் கார் நடுத்தெருவில் நின்றது குறித்து

மதுரை,
26-10-78

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி விஸ்வேஸ்வரன் அவர்களுக்கு, ஹாலாஸ்யம் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் சாவித்ரியும் க்ஷேமம். திருச்சியில் தாங்கள், மாமி, மாப்பிள்ளை சிவசங்கரன், எங்கள் குழந்தை அனந்தலக்ஷ்மி எல்லோரும் சௌக்கியமாயிருக்க மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கார்டு கிடைத்தது. தலை தீபாவளிக்குப் பையனையும் பெண்ணையும் அனுப்புவதற்கில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து சாவித்ரி என்னோடு பேசுவதில்லை. காப்பியை டக்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். இருப்பது ஒரே பெண். அவள் தலை தீபாவளிக்குக்கூட வராமல் போனால் எனக்குத் தாங்காது. அவளும் தனியாக இன்லண்டு போட்டிருக்கிறாள், "அப்பா, மாமனாருக்கு லெட்டர் எழுதினா காரைப் பத்தி மட்டும் எழுதிடாதீங்கோ" என்று. வாஸ்தவம். ஆனால் காரை விட்டுவிட்டால் மன்னிப்புக் கேட்க என்னிடம் வேறென்ன இருக்கிறது?

அன்று தாங்கள் கண்ணால் பார்த்தது கடைசிப் பகுதியை மட்டும்தான். காலையில் நடந்தது தங்களுக்குத் தெரியாது. ரிடையர் ஆன மறுமாதமே, கொடைக்கானல் எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப்போன அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை யார் பேச்சையும் கேட்காமல் வாங்கினேன். மேல்மூடி இல்லாத வண்டி, ஜானவாசத்துக்கென்றே சீமையில் செய்தது போலிருந்தது. என் பெண்ணைக் கட்டப்போகிறவர் அதில்தான் ஊர்வலம் வரவேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன். ஜானவாசத்தன்று காலை திருப்பரங்குன்றம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் வெள்ளைத்துரை வந்து பானெட்டைத் திறந்து பார்த்தான். பள்ளிக்கூடத்தில் என்னிடம் ரசாயனம் படித்தவன். "சார், பெட்ரோல் வர்ற ஓஸ் குழாய் ரெண்டும் வெடிச்சுப் பாளம் பாளமா நிக்குது. மெட்ராஸ்ல சொல்லி வச்சிருக்கேன், வியாழக்கிழமை வந்துரும். இன்னைக்கு வண்டிய எடுக்காதீங்க" என்றான். வியாழக்கிழமை வரை மாப்பிள்ளை பிள்ளையார் கோவில் வாசலிலேயே உட்கார்ந்திருப்பாரா? நான் உள்ளே போய், பள்ளிக்கூட லாபரட்டரியிலிருந்து பிரிவுபசார நினைவாக நானே எடுத்துவந்திருந்த பன்சன் பர்னர் ரப்பர் குழாயைக் கொண்டுவந்து நீட்டினேன். வெள்ளைத்துரை முகம் வெளுத்துவிட்டது. "சார், இது ஆகாது. பெட்ரோல்ல ரப்பர் ஊறிப் போயிரும்னு நீங்கதான பாடம் எடுத்தீங்க? அம்புட்டு நேரமெல்லாம் தாங்காது சார்!" என்றான். "எனக்கே பாடம் எடுக்கிறாயா?" என்று அவனை அதட்டிவிட்டு, நானே இரண்டு துண்டாக வெட்டி மாட்டினேன். சம்பந்தி அவர்களே, அந்தக் கேள்வியை நான் முப்பத்தொரு வருஷம் பரீட்சையில் கேட்டிருக்கிறேன். தப்பாக எழுதிய பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்.

சாயங்காலம் கோவிலிலிருந்து வண்டி ஜம்மென்றுதான் புறப்பட்டது. நான் ஓட்டினேன், பக்கத்தில் கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை. இரண்டாவது தெரு முனையில் இஞ்சின் இருமியது, மண்டப வாசலுக்கு இருபது அடி முன்னால் நின்றேவிட்டது. பானெட்டைத் தூக்கினால், என் ரப்பர் குழாய் ஊறின அப்பளமாக உப்பி, மாட்டின இடத்திலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருக்க, பெட்ரோல் தெருவெல்லாம் ஓடுகிறது. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று தலையில் காஸ் லைட்டோடு ஆட்கள் நெருங்கி வருகிறார்கள், எதிரே சாவித்ரியும் என் தங்கையும் ஆரத்தித் தட்டில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு சிரித்த முகமாக இறங்கி வருகிறார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. "அணை! எல்லாத்தையும் அணை! விளக்கு, சூடம் ஒண்ணு இருக்கப்படாது!" என்று அலறி, ஓடிப்போய் எரிகிற சூடத்தை ஆரத்தித் தண்ணீரிலேயே என் கையால் அமுக்கினேன். நாதஸ்வரம்கூட நின்றுவிட்டது. "நல்ல நேரத்துல விளக்கை அணைங்கறாரே, இவர் பெத்த பெண்ணுக்குத்தானே கல்யாணம்!" என்று மாமி கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. விளக்கை அணைக்கச் சொன்ன ஒரு காரியம்தான் அன்றைக்கு நான் சரியாகச் செய்தது. அதற்குத்தான் எல்லோரும் திட்டினார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி வந்து, கோட்டுக் கை பெட்ரோலில் நனைய இஞ்சினையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு இருட்டில் மண்டபத்துக்கு நடந்தார். மாமியின் கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன். அந்தப் பையனின் மௌனத்தை நினைத்தால்தான் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

ஆகவே ஒரு முடிவு செய்துவிட்டேன். காரைப் பழைய இரும்புக்கடைக்காரரிடம் தள்ளியாயிற்று. நாளைக் காலை மாட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு போகிறார். இனி சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட நான் குனியமாட்டேன். என்மேல் உள்ள கோபத்தைக் குழந்தைகள்மேல் காட்டாமல், அவர்களை எப்படியாவது அனுப்பிவைக்கக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். மாமிக்கு எங்கள் நமஸ்காரம். குழந்தைகள் இருவரும் நீடூழி சேர்ந்து வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கேள்வி கேட்டே பிழைத்து, விடை தெரியாமல் போன
ஹாலாஸ்யம்

பி.கு.: கவரை ஒட்டும்போது வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. மாப்பிள்ளையும் அனந்தலக்ஷ்மியும்! திருப்பரங்குன்றம் முருகனுக்குப் பிரார்த்தனை என்று தங்களிடம் சொல்லிவிட்டு ரயிலேறினார்களாம். எனக்கு ஒன்றும் தெரியாது, சத்தியம். சாவித்ரி பேச ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை கைப்பையிலிருந்து மெட்ராஸில் வாங்கிய அசல் பெட்ரோல் ஓஸ் இரண்டை எடுத்தார். காப்பிகூடச் சாப்பிடாமல், வெள்ளைத்துரையைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஜானவாசத்தன்று அந்த இஞ்சினைப் பார்த்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லையாம். இரும்புக்கடைக்காரருக்கு ஆள் அனுப்பி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். தலை தீபாவளிக்கு வேஷ்டி, மோதிரம் ஒன்றும் வேண்டாம், கார்தான் வேண்டுமாம். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். தீபாவளிக்கு மறுநாள் காலை அதிலேயே திருச்சிக்குப் புறப்படுகிறோம். வண்டியில் இரண்டு பேர்தான் உட்காரலாம். ஆகையால் அனந்தலக்ஷ்மியை ரயிலில் ஏற்றிவிடுகிறோம், ஸ்டேஷனுக்கு யாரையாவது அனுப்பவும்.